மழைக்குப் பிறகு பழைய பிஎம்டபிள்யூ இசட்4 காரில் ஏபிஎஸ் (பிரேக்), இன்ஜின் எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன, ஹெட்லைட்டுக்குள் ஈரம். சென்சார்களை மாற்றிவிடவா?

உடனே மாற்றாதீர்கள். முதலில் பேட்டரியைப் பாருங்கள்: இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது சுமார் 14 இருக்க வேண்டும். வோல்ட் இறங்கினாலே சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும்.

அப்புறம் ஸ்கேனர் மாட்டிப் பிழைக் குறியீட்டைப் பாருங்கள். பி0171 என்று வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்றுதான் பொருள். மெக்கானிக் அதைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சார் போச்சு என்பார், ஆனால் 20 வருட பிஎம்டபிள்யூவில் ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) நடுவே உள்ள ரப்பர் குழாய் வெடித்திருக்கவே வாய்ப்பு அதிகம், மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் ஏபிஎஸ் குறியீட்டைப் படிக்காது. வேளச்சேரித் தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால் ஏபிஎஸ்ஸின் சக்கர சென்சார் கனெக்டரில் பச்சைத் துரு பூத்திருக்கும், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே போதும்.

ஹெட்லைட்டைக் கழற்றிக் காயவைத்து, பின்மூடி ரப்பரையும் காற்றுத் துளையையும் சரிபாருங்கள். லென்ஸ் மஞ்சளாகியிருந்தால் 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர்விட்டுத் தேய்த்து பாலிஷ் போடலாம், மேலே யூவி கோட்டிங் அடிக்காவிட்டால் சென்னை வெயிலில் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும். செனான் வகை பல்பு என்றால் ஸ்விட்சை அணைக்காமல் கை வைக்காதீர்கள், எரியத் தொடங்கும்போது 20,000 வோல்ட் வரை பாயும். லென்ஸ் விரிசல் விட்டிருந்தால் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய செட் தேடலாம், மாட்டும் காது உடையாததாக.