டவுன் மீட்டிங்: ஓவர்ரைடுக்கும் ஜோனிங்குக்கும் எப்படி வாக்களிப்பது?

கேள்வி: மாசசூசெட்ஸில் ஒரு சிறிய டவுனில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எனக்குப் போன வருடம் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. கணவர் கிரீன் கார்டில் இருக்கிறார். மே மாத டவுன் மீட்டிங்குக்கான (ஊர் விஷயங்களை வாக்களித்து முடிவு செய்யும் கூட்டம்) வாரண்ட் புத்தகம், அதாவது தீர்மானங்களின் பட்டியல், வந்திருக்கிறது. பள்ளிச் செலவுக்கு ஓவர்ரைடு, அதாவது சொத்து வரியை வரம்புக்கு மேல் உயர்த்த அனுமதி, கேட்கிறார்கள். டவுன் சென்டரில் அடுக்குமாடி வீடுகள் கட்ட ஜோனிங் (எங்கே என்ன கட்டலாம் என்ற விதி) மாற்றமும் இருக்கிறது. தபாலில் வாக்களிக்கலாமா? வரி எவ்வளவு ஏறும்? கணவர் வரலாமா?

பதில்: டவுன் மீட்டிங்கில் தபால் வாக்கு கிடையாது. நேரில் போய் உட்கார்ந்து, வாக்கு அட்டையை உயர்த்த வேண்டும். சில ஊர்களில் வாக்களிக்க கிளிக்கர் என்ற சிறு மின்னணுக் கருவி தருவார்கள். ஓபன் டவுன் மீட்டிங் உள்ள ஊரில் பதிவு செய்த ஒவ்வொரு வாக்காளரும் உறுப்பினர். இருபதாயிரம் பேர் வசிக்கும் ஊரில் முந்நூறு பேர் வந்தால், அந்த முந்நூறு பேர்தான் பள்ளிக்கும் தீயணைப்புக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். அதனால் தயவுசெய்து போங்கள். குடியுரிமை கிடைத்தாலே பெயர் பட்டியலில் ஏறியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கூட்டத்துக்கு 10 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். டவுன் கிளார்க் அலுவலகத்தில் இப்போதே விசாரியுங்கள்.

ஓவர்ரைடில்தான் பலருக்குக் குழப்பம். 1980-இல் மாநில வாக்காளர்கள் கொண்டுவந்த ‘புரொபசிஷன் இரண்டரை’ சட்டப்படி, டவுன் வசூலிக்கும் மொத்தச் சொத்து வரியின் வரம்பு ஆண்டுக்கு 2.5 சதவீதம்தான் உயரலாம். புதுக் கட்டுமானத்தால் வரும் வரி இந்த 2.5 சதவீதத்தில் சேராது. இது ஊரின் மொத்தத் தொகைக்கான வரம்பு. உங்கள் வீட்டு பில்லுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. மற்ற வீடுகளைவிட உங்கள் வீட்டு மதிப்பு வேகமாக ஏறினால் பில்லும் அதிகமாக ஏறும். அந்த மொத்த வரம்பைத் தாண்ட ஊர் மக்களிடம் கேட்கும் அனுமதிதான் ஓவர்ரைடு.

கணக்கு எளிது. கேட்கும் தொகை 20 லட்சம் டாலர், ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு 400 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் டாலர் மதிப்புக்கு 50 சென்ட் வருகிறது. உங்கள் வீடு 6 லட்சம் டாலர் என்றால் ஆண்டுக்கு 300 டாலர் கூடும். உங்கள் ஊரின் உண்மையான எண்கள் நிதிக் குழுவின் அறிக்கையில் இருக்கும். பெரும்பாலும் வாரண்ட் புத்தகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓவர்ரைடு நிரந்தரம். அடுத்த ஆண்டின் 2.5 சதவீதம் அந்தக் கூடுதல் தொகையையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். பள்ளிக் கட்டடம் போன்ற கடனுக்குக் கேட்பது ‘டெட் எக்ஸ்க்ளூஷன்’; கடன் தீர்ந்ததும் அந்தக் கூடுதல் வரி நின்றுவிடும். இரண்டும் ஒன்றல்ல. எது கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம், ஓவர்ரைடுக்கு டவுன் மீட்டிங் மட்டும் போதாது. அங்கே பட்ஜெட் நிறைவேற வேண்டும், தனியாக வாக்குச்சீட்டுத் தேர்தலிலும் பெரும்பான்மை வேண்டும். கூட்டத்தில் கை உயர்த்திவிட்டுத் தேர்தலை மறந்தால், பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். அந்தத் தேர்தலன்று ஊரில் இல்லையென்றால் ஆப்சென்டி வாக்குச்சீட்டு கேட்டு வாங்கலாம்.

ஜோனிங்கில் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை வாக்கு தேவை என்பது. வழக்கமாக மூன்றில் இரண்டு பங்கு. 300 பேர் வாக்களித்து 190 பேர் ஆதரித்தாலும் தீர்மானம் தோற்கும், 200 வேண்டும். ஆனால் 2021 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டு, அடுக்குமாடி வீடுகளை அனுமதிப்பது போன்ற சில மாற்றங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாகிவிட்டது. அதே 190 இங்கே வெற்றி. உங்கள் ஊர்த் தீர்மானம் எந்த வகை என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தோற்றால், பிளானிங் போர்டு (ஊரின் நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் குழு) பரிந்துரைக்காமல் இரண்டு ஆண்டுகளுக்கு அதை மறுபடி கொண்டுவர முடியாது.

இது எம்பிடிஏ (பாஸ்டன் பகுதிப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) சமூகங்கள் சட்டத்துக்காகக் கொண்டுவரும் மாற்றமா என்றும் விசாரியுங்கள். பாஸ்டன் ரயில், பஸ் வலைக்குள் வரும் 177 ஊர்கள் அடுக்குமாடிக்கு ஒரு பகுதியை ஒதுக்கியாக வேண்டும். மில்டன் ஊரில் டவுன் மீட்டிங் ஏற்றதை 2024 பிப்ரவரியில் மக்கள் வாக்கெடுப்பு ரத்து செய்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில், சட்டம் செல்லும், ஊர்கள் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அப்படிப்பட்ட ஊரில் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தாலும் கடமை போய்விடாது. எந்த இடத்தில், எந்த வடிவில் என்பதில்தான் உங்கள் குரலுக்கு வேலை.

அந்தக் குரலைக் கூட்டத்துக்கு முன்பே கொடுங்கள் என்பது என் அழுத்தமான ஆலோசனை. கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர், தீர்மானத்தின் வரம்புக்குள் வரும் திருத்தங்களைத்தான் அனுமதிப்பார். கட்டட உயரம், கார் நிறுத்தம் போன்றவை உண்மையில் மாறுவது பிளானிங் போர்டின் பொது விசாரணையில். அங்கே உங்கள் கணவரும் தாராளமாகப் பேசலாம். டவுன் மீட்டிங்குக்கும் வரலாம். வாக்காளர் அல்லாதவர்களுக்கான இருக்கையில் உட்கார வேண்டும், அனுமதி கிடைத்தால்தான் பேசலாம். ஆனால் குடியுரிமை வரும்வரை அவர் எந்தப் படிவத்திலும் வாக்காளராகப் பதிவு செய்யக் கூடாது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது கவனக்குறைவாக நடந்தால்கூடக் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகிவிடும், நாடு கடத்தும் நடவடிக்கை வரையும் போகலாம்.