வெசேர் பள்ளத்தாக்கில் வேன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் வசிக்கிறோம். செப்டம்பரில் இரண்டு வாரத்துக்கு ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து, பிரான்ஸின் கிராமப்புறங்களில் உள்ள பழைய இடங்களைப் பார்க்கலாம் என்று திட்டம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். கார்னாக் கல்வரிசைகள், வெசலே தேவாலயம், லாஸ்கோ ஓவியக் குகை, ரொக்கமடூர் மலையூர், தெற்கே கத்தார் என்ற இடைக்காலக் கிறித்தவப் பிரிவினரின் கோட்டைகள் எனப் பட்டியல் நீண்டுவிட்டது. கோட்டைக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தித் தூங்கலாமா? குகைகளுக்கு முன்பதிவு அவசியமா? வேனிலேயே சோறு பொங்கிக்கொள்ள முடியுமா? இத்தனை பெரிய வண்டியை இதற்குமுன் ஓட்டியதில்லை.

ர.

அன்புள்ள ர.,

முதலில் பட்டியலில் பாதிக்கு மேல் வெட்டுங்கள். கார்னாக் இருப்பது பிரான்ஸின் வடமேற்கே, பிரித்தானி பகுதியின் கடலோரம். கத்தார் கோட்டைகள் ஸ்பெயின் எல்லையருகே. இடையில் 800 கிலோமீட்டருக்கு மேல். ஊருக்கு வெளியே இருவழிச் சாலைகளில் பொது வேக வரம்பு 80. சில மாவட்டங்களில் மட்டும் 90. நடுவில் வரும் கிராமங்களையும் வளைவுகளையும் சேர்த்தால், வேனில் மணிக்கு 50 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவதே சரி. பெரும்பாலான வேன்கள் 2 மீட்டரைவிட உயரம் என்பதால் நெடுஞ்சாலைச் சுங்கத்தில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் வரும். கார் கட்டணத்தை வைத்துச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு வெசேர், தொர்தோஞ், லோ என்ற மூன்று ஆற்றுப் பள்ளத்தாக்குகள் தாராளமாகப் போதும். வெசேரில் லாஸ்கோ அருகிலுள்ள மொந்தினியாக்கிலிருந்து லெ-செய்சிக்குச் சுமார் 25 கிலோமீட்டர்தான். அந்தத் துண்டுக்குள் மனிதகுலத்தின் மகத்தான கற்காலக் குகை ஓவியங்களில் பல இருக்கின்றன.

பெரும்பாலான குகைகளுக்கு முன்பதிவு அவசியம். வண்டியை உறுதி செய்வதற்கு முன்பே நுழைவுச்சீட்டுத் தேதிகளைப் பாருங்கள். 1940இல் கண்டறியப்பட்ட லாஸ்கோ அசல் குகை 1963இலேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பார்வையாளர்களின் மூச்சிலிருந்த கரியமில வாயுவும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பாசி படர்ந்ததே காரணம். இப்போது பார்ப்பது 2016இல் திறந்த முழுப் பிரதி. பிரதிதானே என்று விட்டுவிட வேண்டாம். முதல் நாள் அதைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, பிறகு மற்ற அசல் குகைகளுக்குப் போங்கள்.

லெ-செய்சி அருகிலுள்ள ஃபோன்-த-கோமில் பல வண்ணக் காட்டெருமைகளை அசலாகவே காணலாம். நாளொன்றுக்கு மிகச் சிலரையே விடுகிறார்கள், இடம் கிடைப்பதுதான் கடினம். ரூஃபினியாக்கில் மின்ரயிலில் மலைக்குள் போய் மாமூத் என்ற, அழிந்துபோன கம்பளி யானைகளின் ஓவியங்களைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு அதுவே முதல் தேர்வு. லோ பக்கம் பெஷ் மெர்ல் குகையின் புள்ளிக் குதிரைகளைத் தவறவிடாதீர்கள். அங்கே ஒரு நாளைக்கு 700 பேர்தான் வரம்பு. குகைக்குள் 13 டிகிரி அளவில்தான் இருக்கும், எல்லோருக்கும் ஸ்வெட்டர் வேண்டும். சீட்டில் நேரம் குறித்திருக்கும். வேனுக்கு இடம் தேடவும் அங்கிருந்து நடக்கவும் முக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கோட்டை வாசலில் உறங்குவது. பிரான்ஸில் நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. தடையில்லாத இடத்தில் முறையாக நிறுத்திய வேனுக்குள் தூங்கலாம். பந்தலை விரித்து நாற்காலி போட்டால், சமன்கட்டைகளைச் சக்கரத்தடியில் வைத்தால்கூட, முகாம் என்று கருதப்படலாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றி, வேறு எல்லை வகுக்கப்படாத இடங்களில், 500 மீட்டர் பாதுகாப்பு வட்டம் உண்டு. அதற்குள் முகாமிட முடியாது. இதற்கு மேல் பல ஊராட்சிகள் இரவில் வேன் நிறுத்தவே தடைப்பலகை வைத்திருக்கின்றன. எனவே ‘ஏர்’ எனப்படும் ஊராட்சி வேன் நிறுத்தங்களை நாடுங்கள். நல்ல தண்ணீர் பிடிக்கவும் அழுக்குநீரை வடிக்கவும் கழிப்பறைப் பெட்டியைக் கொட்டவும் அங்கே வசதி இருக்கும். சில இடங்களில் இயந்திரத்தில் போட டோக்கன் வில்லை வாங்க வேண்டும். அதை விற்கும் அலுவலகமோ ரொட்டிக்கடையோ நண்பகல் 12 முதல் 2 வரை மூடியிருக்கலாம், மாலையில் சீக்கிரமே அடைத்துவிடலாம். அப்படி மாட்டினால் தண்ணீரில்லாத இரவுதான். ‘பிரான்ஸ் பாசியோன்’ என்ற வேன் பயணிகள் அமைப்பில் உறுப்பினரானால் திராட்சைத் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் ஓர் இரவு கட்டணமின்றித் தங்கலாம். அங்கே வசதிகளை எதிர்பார்க்கக் கூடாது. போனதும் வீட்டாரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட வேண்டும்.

ஓட்டுவதில்தான் என் கவலை அதிகம். வண்டியின் உயரம், அகலம், நீளம் மூன்றையும் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டுங்கள். வாகன நிறுத்தங்களின் உயரத் தடுப்புகள் பெரும்பாலும் 2 மீட்டர் அளவில்தான், உங்கள் வேனோ பெரும்பாலும் அதைவிட உயரமாக இருக்கும். பழைய ஊர்களில் மரச்சட்ட வீடுகளின் மாடி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தெருவோரம் சரிவாக இருப்பதால் வேன் சுவர்ப்பக்கம் சாயும்; கண்ணாடி தப்பினாலும் கூரையின் மூலை உரசிவிடும். 1281இல் அமைந்த தோம் ஊரின் கோட்டை வாசலும் பெய்னாக்கின் சந்துகளும் வேனுக்கானவை அல்ல. வெளியே விட்டு நடந்து ஏறுங்கள். சமதளத்தில் நேர்கோட்டுத் தெருக்களோடு 1284இல் நிறுவப்பட்ட மொன்பாசியேவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளோடு நடக்க அலுக்காது. ஊருக்குள் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சந்து எவ்வளவு சிறியதானாலும் இதுதான் விதி. மஞ்சள் வைரக் குறி கண்ட சாலையில் மட்டும் முன்னுரிமை உங்களுக்கு.

கழிப்பறைப் பெட்டி 20 லிட்டருக்குள்தான் கொள்ளும். நால்வருக்கு நாளொன்று, மிஞ்சினால் ஒன்றரை நாள். நிரம்பிய பிறகும் பயன்படுத்தினால் மூடித்தகடு வழியே கசிந்து வண்டிக்குள் நாற்றம் தங்கிவிடும்.

சோறு தாராளமாகப் பொங்கலாம், ஆனால் எதில் என்று யோசியுங்கள். முகாம் தளங்களில் பல இடங்களில் 6 ஆம்பியர் இணைப்புதான், அதாவது சுமார் 1,380 வாட். 700 வாட் ரைஸ் குக்கர் தாங்கும். கூடவே மின்கெட்டிலைப் போட்டால் இணைப்பு துண்டித்துவிடும், தளக்காரர் வந்துதான் போட வேண்டியிருக்கும். ஏர்களில் மின்சாரம் கிடைக்காமலும் போகலாம். கேஸ் அடுப்பில் சின்ன பிரஷர் குக்கர்தான் நம்பகமானது. கூரைச் சாளரத்தைத் திறந்து வைத்தே சமையுங்கள். ஜெர்மன் சிலிண்டரை பிரான்ஸில் மாற்றித் தர மாட்டார்கள், அங்குள்ள சிலிண்டரின் திருகும் வேறு. ஆகவே வண்டியைக் கையில் வாங்கும்போதே சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். 11 கிலோ நிறைந்திருந்தால் உங்கள் இரண்டு வாரச் சமையலுக்குப் போதும்.