பில் இருக்கா? ஓடிடி சந்தாவும் திருட்டுப் படமும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓடிடி பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கி, ஆள் பெயரை எடுத்துவிட்டு ஊர் பெயரை மட்டும் வைத்திருக்கிறேன்.

வீட்டில் கைத்தறி. முன்பெல்லாம் கேபிளுக்குக் கட்டினால் போதும். இப்போது மகனுக்கு ஒரு ஆப், மகளுக்கு ஒன்று, வீட்டுக்காரிக்குச் சீரியல் பார்க்க ஒன்று, கிரிக்கெட்டுக்கு இன்னொன்று. பக்கத்து வீட்டில் எல்லாப் படத்தையும் டெலிகிராமில் ஓசியில் பார்க்கிறார்கள். காசு கட்டும் நாங்கள்தான் ஏமாளியா ஐயா? – அம்மாப்பேட்டை

ஏமாளி இல்லை. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரி 14-ல் ஒன்றாகிவிட்டன. ஆனாலும் வீட்டுச் செலவு குறைந்ததாக யாரும் எழுதவில்லை. பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் விளம்பரம் வருகிறது. அது வேண்டாமென்றால் வருஷத்துக்கு 699 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வதை நிறுத்தியது. கொடுக்கும் காசு ஏற, கிடைப்பது குறைகிறது.

அப்படியும் டெலிகிராம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெரிய ஹீரோ படத்துக்கு முதல் மூன்று நாளிலேயே கூட்டம் வந்துவிடும். அடி வாங்குவது சின்னப் படம். அந்தத் தயாரிப்பாளர் தியேட்டரில் விட்டதை ஓடிடிக்கு விற்றுத்தான் ஈடுகட்டப் பார்க்கிறார். அதற்குள் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டால் கேட்கிற விலை கிடைக்காது. கடைசியில் பாக்கி நிற்பது லைட்மேனுக்கும் உதவி இயக்குநருக்கும்தான். நீங்கள் மாதக்கணக்கில் யோசித்துப் போட்ட பார்டர் டிசைனை அடுத்த தெருவில் பவர்லூமில் இறக்கிப் பாதி விலைக்கு விற்றால் வயிறு எரியுமே, அதேதான் இதுவும்.

செலவுக்கு வழி உண்டு. நாலு ஆப்பும் ஒரே நேரத்தில் வேண்டாம். ஒரு மாதம் ஒன்று. பார்க்க வேண்டிய படங்களை வீட்டில் எல்லாரும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த ஆப்பில் நாலைந்து சேர்கிறதோ அதற்கு அந்த மாதம் கட்டி, முடித்ததும் நிறுத்துங்கள். தியேட்டருக்கு வந்த படம் பெரும்பாலும் சில வாரம் கழித்துத்தான் ஆப்புக்கு வருகிறது. அதுவரை பொறுத்தவருக்கு இன்னும் ஒரு மாதம் பெரிதில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் புதுப் பட லிங்க்கை ஃபார்வர்டு செய்தால் வழக்கு வருமா? – சூரமங்கலம்

வரலாம். பார்ப்பது வேறு, பரப்புவது வேறு. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம், அவ்வளவுதான். தியேட்டரில் செல்போனில் படம் பிடிப்பவர்களுக்கு 2023-ல் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள். குறைந்தபட்சம் 3 மாதம் சிறை, 3 லட்சம் அபராதம். தமிழ்நாட்டில் 2004 முதலே வீடியோ திருட்டு குண்டர் சட்டத்துக்குள் இருக்கிறது. ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

வருஷச் சந்தா கட்டிய ஒரே வாரத்தில் பிடிக்காமல் போய்விட்டது. மீதிப் பணம் வருமா? – ஆத்தூர்

பெரும்பாலும் வராது. கட்டும் முன்பே அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும்.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். கேம்ப்ஃபயர் முடிந்ததும் கெஸ்ட்டுகளுக்குப் புரொஜெக்டரில் என் சொந்தக் கணக்கிலிருந்து படம் போடுகிறேன். நான் காசு கட்டிய கணக்குதானே? – ஏற்காடு

காசு கட்டியது உங்கள் வீட்டில் பார்ப்பதற்கு. வாடகை கொடுத்துத் தங்குபவர்களைக் கூட்டி வைத்துத் திரையில் போடுவது பொதுக் காட்சி. அதற்கு உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும். ரூமில் டிவி வையுங்கள், வருகிறவர் தம் கணக்கில் பார்க்கட்டும். ரூமைக் காலி செய்யும்போது லாக்அவுட் செய்துவிட்டார்களா என்று நீங்களே பாருங்கள். மறந்து விட்டுப்போன கணக்கில் அடுத்த கெஸ்ட் படம் பார்க்கும் இடங்களை மலையில் நான் பார்த்திருக்கிறேன். அதுவும் திருட்டுதான்.

புதுப் படம் ஹெச்டியில் என்று டெலிகிராமில் வந்த ஏபிகே ஃபைலை (ப்ளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை ஏற்றும் ஃபைல்) போனில் ஏற்றினேன். மறுநாள் கணக்கில் 41,000 ரூபாய் இல்லை. மகள் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்தது. போலீசுக்குப் போனால் "திருட்டுப் படம் பார்த்தியா?" என்று என்னைக் கேட்பார்களே என்று பயந்து வீட்டிலும் சொல்லவில்லை. – கொண்டலாம்பட்டி

இன்றே சொல்லுங்கள். உங்களைப் போல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்பவர்களை நம்பித்தான் இந்தக் கும்பல் திருட்டுப் படத்தைத் தூண்டிலாக வைக்கிறது. நீங்கள் ஒரு படம் பார்க்க நினைத்தீர்கள். அவர்கள் உங்கள் பெண்ணின் ஃபீஸைத் திருடினார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

முதலில் அந்த போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். வேறு போனிலிருந்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள், அல்லது சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் பதியுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள். அடுத்து வங்கிக்குப் போய்க் கணக்கை முடக்கச் சொல்லி, எழுத்தில் கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்குங்கள். நீங்கள் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அது ரிசர்வ் வங்கி 2017-லேயே போட்ட விதி. போன பணம் முழுக்கத் திரும்பும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. சீக்கிரம் சொன்னால் அடுத்த கணக்கில் நிற்கும்போதே முடக்க வாய்ப்பு உண்டு. போனை முழுதாக அழித்து ரீசெட் செய்யாமல் அதில் வங்கி ஆப்பைத் திறக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: ஒரு படம் பார்க்க எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி எதற்கு? அதைக் கேட்கும் ஆப் உங்கள் ஓடிபியைத்தான் கேட்கிறது.

5 ஆப், ஒரு வருஷம், 299 ரூபாய் என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் விற்றார். ஜிபே செய்தேன். மூன்றே வாரத்தில் பாஸ்வேர்டு மாறிவிட்டது, ஆளும் பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் கோர்ட்டில் போடலாமா? போன வருஷமும் இன்னொருவரிடம் இப்படி ஆனது. – ஐந்து ரோடு

யார் மேல் போடுவீர்கள்? கடைப் பெயர் தெரியாது, முகவரி இல்லை, பில் இல்லை. ஐந்து ஆப்புக்கு வருஷம் முழுக்க 299 ரூபாய் என்றால் அது யாரோ ஒருவருடைய கணக்கு, அல்லது திருட்டுக் கார்டில் எடுத்த கணக்கு. அது ஒரு தடவை பட்டவருக்கே தெரிந்திருக்க வேண்டும். 1930-ல் புகார் கொடுங்கள், அந்த ஆள் அடுத்தவரை ஏமாற்றாமலாவது இருக்கட்டும். மூன்றாவது முறை இதே கேள்வியை எனக்கு அனுப்ப வேண்டாம்.

அம்மாவுக்குப் பிடித்த பழைய படங்கள் இருக்கின்றன என்று விளம்பரத்தில் பார்த்து ஒரு ஆப்புக்கு வருஷச் சந்தா கட்டினேன். நாலாவது மாதம் அந்தப் படங்களையே காணோம். கேட்டால் "லைசென்ஸ் முடிந்தது" என்கிறார்கள். – ஹஸ்தம்பட்டி

இதைப் பற்றி நான் வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறேன். இன்னொரு முறையும் சொல்கிறேன்.

ஆப்பில் இருக்கும் படங்களில் பெரும்பாலானவை அந்த ஆப்புக்குச் சொந்தமில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு உரிமை வாங்கிப் போடுகிறார்கள். அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. உங்களிடம் வருஷப் பணத்தை வாங்கிய அன்றைக்கும் அது அவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. படத்தின் போஸ்டரை முகப்பில் பெரிதாகக் காட்டி 12 மாதப் பணத்தை வாங்கிக்கொண்டு, அது நாலு மாதத்தில் போய்விடும் என்பதை மறைத்தால், அதை நான் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட மாட்டேன். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தையும் தவறான விளம்பரம் என்றே சொல்கிறது. சந்தா வாங்குகிறவருக்கு இதைவிட முக்கியமான தகவல் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் நாலு விஷயம் பணம் கட்டும் முன்பே தெரிய வேண்டும்: எந்தத் தேதி வரை இருக்கும், தமிழ் ஒலி உண்டா, என்ன தரத்தில் ஓடும், நடுவில் விளம்பரம் வருமா. இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. தேதி அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, அதனால்தான் அந்த நாள் ராத்திரி படம் தானாக மறைகிறது.

"வாங்கு" என்று பட்டன் வைத்து விற்பதும் இதே ரகம். நான் முழு விலை கொடுத்து ஒரு படத்தை அப்படி வாங்கினேன். விற்ற நிறுவனம் அந்தப் பிரிவையே மூடியபோது என் கணக்கிலிருந்து படம் போய்விட்டது. விற்றது பார்க்கும் அனுமதியைத்தானாம். அதே ஆண்டு வாங்கிய டிவிடி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, ஓடவும் செய்கிறது.

இதில் எனக்கு வலிப்பது இதுதான். காசு கட்டியவரிடம் இல்லாத படம் திருடியவரிடம் இருக்கிறது, விளம்பரமும் இல்லாமல். முறையாகப் பணம் கட்டுகிறவரை இப்படி நடத்திவிட்டு, திருட்டைப் பற்றி மட்டும் பேச இந்த நிறுவனங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? திருட்டுத் தளத்தை ஒரு பக்கம் முடக்கினால் மறு பக்கம் முளைக்கிறது. நேர்மையான வாடிக்கையாளரை ஒரு முறை இழந்தால் அவர் திரும்புவது கஷ்டம்.

நீங்கள் சும்மா விடாதீர்கள். பணம் கட்டிய ரசீது, அந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அவர்கள் அனுப்பிய பதில், மூன்றையும் எடுத்து வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். தீரவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊர் போதும். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மீதி எட்டு மாதப் பணத்தைக் கேளுங்கள். வழக்கைப் போட்டால் எனக்கு எழுதுங்கள்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். "1 ரூபாய் ட்ரையல்" என்பதை அழுத்தியிருக்கிறார். ஆப்பை டெலிட் செய்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 399 போகிறது. – அழகாபுரம்

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. அப்பாவின் ஜிபேயிலோ போன்பேயிலோ "ஆட்டோபே" பகுதிக்குப் போய், அந்தப் பெயரைத் திறந்து ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்திருக்கும், நூறு விளம்பர மெசேஜுக்கு நடுவில் வயதானவர் கண்ணில் பட்டிருக்காது. 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்ள முடியும் என்பதால்தான் இது இவ்வளவு சுலபமாகப் போகிறது. ட்ரையல் என்ற பெயரில் ஆட்டோபே வாங்குவதும், ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும் 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் ஒன்று. 1915-ல் அதைச் சொல்லியே கேளுங்கள். அப்பாவைத் திட்டாதீர்கள்.

2,000 ரூபாய் ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கினேன். காசு கட்டிய ஆப்பில் படம் மங்கலாகவே ஓடுகிறது. – குகை

நானும் அப்படி ஒரு பாக்ஸ் வாங்கி மூலையில் போட்டிருக்கிறேன். வைட்வைன் எல்1 என்பது படத்தைக் காப்பி அடிக்க விடாமல் காக்கும் பூட்டுக்கான சான்று. அது இல்லாத பெட்டியில் பெரிய ஓடிடிகள் பெரும்பாலும் ஹெச்டி தராது. "4கே" என்று அட்டையில் போட்டிருந்தாலும் தராது. கடையில் மாற்றக் கேளுங்கள், பில் இருந்தால்.

மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். நம்ம ஊரில் எடுத்த பல படங்கள் எந்த ஆப்பிலும் இல்லை, திருட்டுத் தளத்தில்தான் கிடைக்கின்றன. அதில் பார்ப்பது தப்பா? – கல்லூரி மாணவி, சேலம்

ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கும் இதே ஆதங்கம்தான், அம்மா. டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவிலிருந்து நூற்றுக்கும் அதிகமான படங்கள் வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-ல் உருவானதும் அங்கேதான். விற்க ஆள் இல்லாத படத்தைத் தேடிப் பார்க்கும் உங்களையும், நேற்று வந்த படத்தைச் சுருட்டுபவரையும் நான் ஒன்றாகப் பார்க்கமாட்டேன்.

ஆனால் அந்தத் தளத்துக்குப் போகும் முன் வேறு கதவுகளைத் தட்டுங்கள். படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1960-ல் வந்த படத்துக்கு 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. பாட்டு, வசனத்துக்கு உரிமைக் கணக்கு தனி. பழைய படங்களை உரிமையாளர்களே யூடியூபில் முழுசாகப் போட்டிருக்கிறார்கள். சேனல் யாருடையது என்று மட்டும் பாருங்கள். புனேயில் 1964 முதல் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு உங்கள் துறைத் தலைவர் கையெழுத்தோடு எழுதுங்கள். பழைய பாட்டுப் புத்தகங்களும் டிவிடிகளும் சேர்த்து வைத்திருப்பவர்கள் சேலத்தில் இன்னும் உண்டு. இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், இந்தப் பெண்ணுக்குச் சேர்த்துவிடுகிறேன்.