ஏழாவது முறையும் இலவச வக்கீலா?

கேள்வி: என் நாலு பவுன் சங்கிலியை அறுத்ததாகப் பிடிபட்டவன் மேல் ஏற்கெனவே ஆறு வழக்குகள். அவனுக்கு நீதிமன்றமே இலவச வக்கீல் கொடுத்திருக்கிறது. முதல் தடவை என்றால் சரி, ஏழாவது தடவைக்கும் நம் வரிப்பணமா என்று தெருவே கேட்கிறது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: கழுத்துக் காயம் ஆறும் முன்பே இதைக் கேள்விப்பட்டால் யாருக்கும் வயிறு எரியும். ஆனாலும் அந்த வக்கீல் இருக்கத்தான் வேண்டும் சகோதரி, உங்களுக்காகவும்தான்.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவில், காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. எத்தனையாவது வழக்கு என்று அது பார்ப்பதில்லை. ஓர் ஏரியாவில் செயின் அறுப்பு நடந்தால் போலீஸ் முதலில் தேடுவது பழைய ஆட்களைத்தான். அந்த ஆறு வழக்கில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்று விசாரித்துப் பாருங்கள். இந்த ஏழாவதைச் செய்தது வேறொருவன் என்றால், உங்கள் சங்கிலியை அறுத்தவன் இன்னும் வெளியில்தான் திரிகிறான். அதைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டாமா?

அப்புறம், வக்கீல் இல்லாமல் வாங்கிய தண்டனை நிற்காது. அருணாசலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவருக்கு அப்படித்தான் 2 ஆண்டு சிறை விதித்தார்கள். இலவச உதவி உண்டு என்று அவருக்குச் சொல்லவே இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் 1986-ல் அதை ரத்து செய்தது. உங்கள் வழக்கும் அப்படிப் போகக் கூடாது.

பழைய குற்றத்துக்குக் கணக்கே இல்லை என்று நினைக்காதீர்கள். விசாரணைக் கைதியாக இருக்கும் முதல் தடவைக்காரர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்தாலே ஜாமீன் பெறலாம். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். பல வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகையும் கிடையாது. முன்பே தண்டனை பெற்றவருக்குத் தண்டனையைக் கூட்டவும் சட்டத்தில் இடமுண்டு.

இன்னொன்று, இது பலருக்குத் தெரிவதில்லை: அதே 12-ஆம் பிரிவில் பெண்களும் இருக்கிறார்கள், வருமானம் எவ்வளவு இருந்தாலும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐக் கூப்பிடுங்கள். அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் தரப்பில் ஒரு வக்கீல் நிற்க நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். சங்கிலி மீட்கப்பட்டிருந்தால் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டாம். நகை வாங்கிய ரசீதோடு, அதை அணிந்த போட்டோவோடு நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு இப்போதே திரும்பக் கேளுங்கள்.