கேள்வி-பதில்: மீடியத்தைக் குடித்துவிடும் கட்டு

கேள்வி: கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் இழையாலான காயக் கட்டு செல்களைக் கொல்லுமா என்று செல் நச்சுச் சோதனை செய்கிறோம். ஒரு மி.லி. மீடியத்துக்கு (செல் வளர்க்கும் ஊட்டக் கரைசல்) 0.1 கிராம் வீதம் கட்டுத் துண்டை ஊறவைத்தோம். மறுநாள் குப்பியில் ஜெல்தான் இருந்தது, செல்கள்மேல் விடவேண்டிய சாறே (துண்டு ஊறிய மீடியம்) இல்லை. எங்கே தவறு?

பதில்: வீதம் சரிதான். துண்டு தானே குடித்துக்கொள்வதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. மருத்துவப் பொருள் சோதனைக்கு மாதிரி தயாரிப்பது பற்றிய பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 10993-12 அதைத் தனியாக அளந்து கூடுதலாக ஊற்றச் சொல்கிறது. 0.2 கிராம் துண்டை அதே மீடியத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவிட்டு, வலையில் வைத்துச் சொட்டு நிற்கும்வரை வடியவிட்டு எடை போடுங்கள். 3 கிராம் காட்டினால் குடித்தது ஏறக்குறைய 2.8 மி.லி. வீதப்படி வேண்டியது 2 மி.லி. ஆக, ஊற்ற வேண்டியது 4.8 மி.லி.

இந்த அளவை வெறும் தண்ணீரில் எடுத்துவிடாதீர்கள். ஆல்ஜினேட்டில் உள்ள கால்சியம் வெளியேறி அந்த இடத்தில் சோடியம் ஏறும்போதுதான் இழை நன்றாக வீங்கும். மீடியத்தில் சோடியம் உண்டு, தண்ணீரில் இல்லை. சாறு கொஞ்சமாக வருகிறதே என்று துண்டைப் பிழியவும் வேண்டாம். ஜெல் துணுக்குகள் செல் வளரும் தட்டின் குழிக்குள் போய் செல்களை மூடிவிடும். வடிகட்டினால் நச்சே வடிகட்டியில் ஒட்டிக்கொண்டு, கெட்ட பொருளும் தேறிவிடலாம். வேறு வழியின்றி வடிகட்டினால் அறிக்கையில் எழுதிவிடுங்கள். துண்டு போடாத மீடியக் குப்பி ஒன்றும் கூடவே ஊறட்டும். ஒப்பிட அது இல்லாமல் முடியாது.

கேள்வி: நுண்ணோக்கியில் எல்929 செல்கள் (சோதனைக்கான எலிச் செல்கள்) உருண்டு மிதக்கின்றன. உயிருள்ள செல்லில் நிறம் மாறும் எம்டிடி சாயத்தை வைத்து எடுத்த அளவீடோ 85% உயிர்ப்பு என்கிறது. எதை நம்புவது?

பதில்: கண்ணை. மஞ்சள் எம்டிடியை ஊதாவாக்குவது உயிருள்ள செல் மட்டுமல்ல. வைட்டமின் சி, பாலிஃபீனால், தயால் சேர்மங்களும் அதைச் செய்யும். கட்டில் மூலிகைச் சாறு ஏதும் சேர்த்திருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். செல் இல்லாத குழியில் சாற்றையும் எம்டிடியையும் விட்டு 2 மணி நேரம் வையுங்கள். ஊதா ஏறினால் குற்றவாளி சாறுதான். எம்டிடி விடுமுன் சாற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பாஸ்பேட் கரைசலால் மெல்ல அலசுங்கள். அல்லது உயிருள்ள செல் உள்வாங்கும் சாயத்தை அளக்கும் நியூட்ரல் ரெட் முறைக்கு மாறிவிடுங்கள். 50% நீர்த்த சாற்றில் உயிர்ப்பு, முழுச் சாற்றில் உள்ளதைவிடக் குறைந்தாலும் சோதனையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும்.

கேள்வி: வெள்ளி சேர்த்த எங்கள் கட்டு ஒவ்வொரு முறையும் தேர்ச்சி எல்லையான 70% உயிர்ப்புக்குக் கீழே போகிறது. கைவிட்டுவிடலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். பாக்டீரியாவைக் கொல்லும் வெள்ளி அயனி எலிச் செல்லை மட்டும் விட்டுவைக்குமா? அதே பாலிமரை வெள்ளி சேர்க்காமல் தயாரித்து, அதே முறையில் கிருமி நீக்கி, பக்கத்துக் குழிகளில் ஓட்டுங்கள். அது தேறினால் காரணம் வெள்ளிதான். சாற்றைப் படிப்படியாக நீர்த்து, எந்த அளவில் 70% தாண்டுகிறது என்று பார்த்து இடர் மதிப்பீட்டில் காட்டலாம். வெள்ளியில்லாததும் விழுந்தால், வினைபுரியாத மோனோமர் (பாலிமராகாமல் மிஞ்சிய மூலக்கூறு), குளூட்டரால்டிஹைடு (பாலிமர் சங்கிலிகளைப் பிணைக்கும் வேதிப்பொருள்), எத்திலீன் ஆக்சைடு (கிருமி நீக்கும் வாயு) எச்சம் ஆகிய மூன்றையும் பாருங்கள். எத்திலீன் ஆக்சைடில் கிருமி நீக்கியிருந்தால், காற்றோட்டத்தில் இன்னும் சில நாள் வைத்து, எச்சத்தை அளந்தபின் மறுபடி ஓட்டுங்கள்.