நீச்சல் கண்ணாடி, ஸ்நார்கெல் மாஸ்க்: ஆவி படியாமல் காப்பது எப்படி? கேள்வி-பதில்

கேள்விகளுக்குள் போகும் முன் உங்கள் லென்ஸ் எதனால் ஆனது என்று பாருங்கள். ஸ்நார்கெல், டைவிங் மாஸ்க்குகளில் பெரும்பாலும் டெம்பர்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடி இருக்கும்; லென்ஸின் ஓரத்தில் அப்படியே பொறித்திருப்பார்கள். நீச்சல் காகிள்ஸில் அநேகமாக பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன் உள்பக்கத்தில் ஆவி படியாமல் தடுக்கும் ஆன்டி-ஃபாக் பூச்சு இருக்கும். கண்ணாடிக்குச் செய்கிற வைத்தியத்தைப் பிளாஸ்டிக்குக்குச் செய்தால் லென்ஸ் பாழாகிவிடும்.

புது மாஸ்க். சோப்பு போட்டுக் கழுவி, டிஃபாக் ஜெல்லும் தடவினேன். தண்ணீரில் இறங்கியதுமே மங்கிவிடுகிறது. மாஸ்க் மோசமா?

மாஸ்க்கில் கோளாறு இல்லை. தயாரிப்பின்போது கண்ணாடியின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கோன் படலம் படிந்துவிடுகிறது. அது தண்ணீரை ஒட்டவிடாது. அதனால் ஆவி சீராகப் பரவாமல் ஆயிரக்கணக்கான நுண்துளிகளாக நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிப்பதால் எதிரே வெள்ளையாகத் தெரிகிறது. இந்தப் படலம் இருக்கும்வரை ஜெல்லும் கண்ணாடியில் பிடிக்காது. சாதாரண சோப்பில் படலம் போகவும் போகாது.

ஜெல் வகை அல்லாத, சாதாரண வெள்ளை டூத்பேஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மென்மையான உரசு பொடிதான் வேலை செய்யும். உலர்ந்த கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டாணி அளவு வைத்து, விரல் நுனியால் வட்டமாக இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேயுங்கள். நடுவில் மட்டும் தேய்த்துவிட்டு மூலைகளை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஆவி முதலில் அங்கேதான் பிடித்து உள்ளே பரவும். கழுவிவிட்டு இதையே மூன்று நான்கு முறை திரும்பச் செய்யுங்கள். பிறகு உலரவிட்டு, கண்ணாடியில் வாயால் ஊதிப் பாருங்கள். மங்கல் சீராகப் படிந்து சட்டென்று மறைந்தால் சுத்தமாகிவிட்டது. எண்ணெய்த் திட்டு போல ஒரு பக்கம் மட்டும் தங்கி நின்றால் அந்த இடத்தை மறுபடி தேயுங்கள்.

லைட்டர் முறையைப் பலரும் சொல்வார்கள். மஞ்சள் சுடரை உள்பக்கக் கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்தி, கரி படியவிட்டு, ஆறியபின் துடைப்பது. படலம் போவது உண்மை. ஆனால் சுடர் சிலிக்கோன் விளிம்பைத் தொட்டால் அது கெட்டுப்போகும். ஒரே இடத்தில் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடலாம். பூச்சு உள்ள கண்ணாடி, பவர் லென்ஸ் ஒட்டிய மாஸ்க், பிளாஸ்டிக் லென்ஸ் ஆகியவற்றில் தீயே கூடாது. டூத்பேஸ்ட்டை நான்கைந்து முறை தேய்த்தும் பலிக்காதபோது மட்டும் இதைப் பற்றி யோசியுங்கள்.

மாஸ்க்கைப் பல மாதம் மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தால் சிலிக்கோன் விளிம்பிலிருந்தே மறுபடி மெல்லிய படலம் படியலாம். அடுத்த முறை எடுக்கும்போது ஒரு தடவை டூத்பேஸ்ட் தேய்த்தால் போதும்.

காகிள்ஸ் வாங்கியபோது பளிச்சென்று இருந்தது. இப்போது ஒரு நீளம் நீந்துவதற்குள் மங்குகிறது. டூத்பேஸ்ட் போடலாமா?

வேண்டவே வேண்டாம். மிச்சமிருக்கும் பூச்சும் போய், லென்ஸில் கீறலும் விழும். அந்தப் பூச்சு மிக மென்மையானது. விரலால் தொடுவது, துண்டால் துடைப்பது, நீந்தும் நடுவே கட்டைவிரலால் உள்பக்கத்தைத் தேய்ப்பது, இவைதான் அதை அழிக்கின்றன. அதிலும் கட்டைவிரல் தேய்ப்பு செய்கிற சேதம் மிகவும் அதிகம். அந்த நேரத்துக்குத் தெளியும். அடுத்த வாரம் அதே இடத்தில் முன்னைவிட வேகமாக மங்கும்.

நீந்தி முடித்ததும் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, குளோரினையும் உப்பையும் போக்குங்கள். நீரை உதறிவிட்டு நிழலில் காற்றாட உலரவிடுங்கள். முழுவதும் உலர்ந்தபின் உறையில் வையுங்கள். வெந்நீர், வெயில், கார் டாஷ்போர்டு மூன்றும் ஆகாது.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் பூச்சு ஒருநாள் தேய்ந்துதான் போகும். அதன் பிறகு காகிள்ஸுக்கான ஆன்டி-ஃபாக் ஸ்ப்ரேயோ, கீழே சொல்லும் பேபி ஷாம்பூ கரைசலோ உதவும். ஸ்ப்ரேயை உலர்ந்த லென்ஸில்தான் அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் நீர்த்துப் போய் வீணாகும்.

எச்சிலா, பேபி ஷாம்பூவா?

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நீர் துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவச் செய்கின்றன. பேபி ஷாம்பூ நீண்ட நேரம் தாங்கும், அளவும் சீராக இருக்கும். ஒரு பங்கு ஷாம்பூவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சிறு ஸ்ப்ரே குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கப் போகும்போது லென்ஸின் உள்பக்கம் முழுக்க நனையும்படி அடித்து, தண்ணீரில் ஒரே ஒரு முறை முக்கி எடுத்து, துடைக்காமல் அப்படியே அணியுங்கள். நுரை போகும்வரை கழுவினால் படலமும் போய்விடும். கழுவாமலே அணிந்தால் கண் எரியும். பாத்திரம் கழுவும் திரவம் கண்ணுக்குக் கடுமையானது, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எச்சிலும் உலர்ந்த லென்ஸில்தான் பிடிக்கும். கண்ணில் தொற்று இருப்பவரும் கான்டாக்ட் லென்ஸ் போடுபவரும் எச்சில் பக்கம் போக வேண்டாம். அடுத்தவர் எச்சில் தடவிய மாஸ்க்கை வாங்கி அணியவும் வேண்டாம்.

எல்லாம் செய்கிறேன். ஆனாலும் பத்து நிமிடத்தில் ஆவி வந்துவிடுகிறது.

அப்படியென்றால் லென்ஸை விட்டுவிட்டு உங்கள் பழக்கத்தைப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் உள்ள டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான் இதுவும் நடக்கிறது. முகத்தின் சூட்டிலும் ஈரத்திலும் நிறைந்த காற்று, வெளியே தண்ணீர் பட்டுக் குளிர்ந்த லென்ஸைத் தொடுகிறது.

மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு நடக்கிறீர்களா? நெற்றி வியர்வை முழுக்க உள்ளே சேரும். கழுத்தில் இறக்கி விடுங்கள். மாஸ்க்குக்குள் மூக்கால் மூச்சு விடுகிறீர்களா? ஒவ்வொரு மூச்சும் ஈரத்தைக் கொட்டுகிறது; வாயால் விடப் பழகுங்கள். அணிவதற்கு முன் முகத்தில் தண்ணீர் அடித்துக் கொஞ்சம் குளிரவிடுங்கள். லென்ஸையும் அதே தண்ணீரில் முக்கி எடுங்கள்.

சன்ஸ்கிரீன் போட்ட விரலால் லென்ஸைத் தொட்டிருந்தால் எந்த ஜெல்லும் நிற்காது. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் கிரீம் தடவாமல் விடுங்கள், கையைக் கழுவிவிட்டு மாஸ்க்கை எடுங்கள்.

கான்டாக்ட் லென்ஸுடன் நீந்தலாமா? காகிள்ஸ் மங்கினால் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறதே.

நீந்தும்போது கான்டாக்ட் லென்ஸைத் தவிர்ப்பதே நல்லது. குளம், கடல், குழாய்த் தண்ணீர் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற ஒருசெல் உயிரி இருக்கக்கூடும். அது லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே சிக்கினால் பார்வையையே பாதிக்கும் தொற்று வரலாம். பவர் வைத்த காகிள்ஸும் மாஸ்க்கும் கிடைக்கின்றன, அதற்கு மாறிவிடுங்கள்.

முழுமுக ஸ்நார்கெல் மாஸ்க்கில் ஆவி வராது என்றார்கள். எனக்கு வருகிறதே?

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். நல்ல முழுமுக மாஸ்க்கில் புதுக்காற்று முதலில் கண் அறைக்குள் வந்து, லென்ஸைத் தடவிக்கொண்டு, ஒருவழி வால்வுகள் வழியாக வாய்-மூக்கு உறைக்குள் இறங்கும். விட்ட மூச்சு வேறு பாதையில் வெளியேறும். லென்ஸ் மங்குகிறது என்றால், விட்ட மூச்சு கண் அறைக்குள் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உள் உறை முகத்தில் சரியாகப் பதியாமல் இருக்கலாம், தாடி இடையில் நிற்கலாம், வால்வு மடங்கியோ கழன்றோ இருக்கலாம். விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும் நிலை வந்தால் கார்பன் டை ஆக்சைடு கூடும். கரையிலேயே வால்வுகளைத் தொட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஆவியோடு தலைவலி, மூச்சுத் திணறல், கிறுகிறுப்பு எது வந்தாலும் உடனே தலையைத் தூக்கி மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். லென்ஸ் பிளாஸ்டிக்தான், டூத்பேஸ்ட்டும் தீயும் இங்கேயும் கூடாது.

நீந்திக்கொண்டிருக்கும்போதே மங்கினால்?

காகிள்ஸில் ஒரு ஓரத்தைத் தூக்கி, சில துளி தண்ணீரை உள்ளே விட்டு, தலையை ஆட்டி லென்ஸ் மேல் ஓடவிடுங்கள். அந்தத் துளிகளை உள்ளேயே வைத்துக்கொண்டும் நீந்தலாம். கண்ணை மட்டும் மூடும் காகிள்ஸில் இதற்கு மேல் வழியில்லை. மூக்கையும் மூடும் ஸ்நார்கெல் மாஸ்க்கில் இன்னும் எளிது: கொஞ்சம் தண்ணீர் விட்டு, குனிந்து லென்ஸ் முழுக்க அலசி, பிறகு மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, சற்று அண்ணாந்து, மூக்கால் ஊதுங்கள், தண்ணீர் கீழ்ப்பக்கமாக வெளியேறிவிடும். ஆழத்துக்குப் போகும் முன் கால் ஊன்றி நிற்கக்கூடிய தண்ணீரில் இதைச் செய்து பழகிக்கொள்ளுங்கள்.