குன்னூரில் கல்லறை உள்ள முதல் உலகப்போர்க் கால ராணுவ அதிகாரியின் குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களிடம் இருப்பது இவ்வளவுதான்: குன்னூர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல், அதில் ஒரு கேப்டனின் பெயர், 1917, ஒரு ரெஜிமென்ட் எண். பெற்றோர் பெயரும் இல்லை, சொந்த ஊரும் இல்லை. இந்த மலைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம், உறவினர் யார் என்று கேட்கிறீர்கள். தேட ஆரம்பிக்க இது போதும். ஆனால் பெயரை மட்டும் இணையத்தில் தட்டி ஆரம்பிக்காதீர்கள். அதே பெயரில் பல கேப்டன்கள் வந்து நிற்பார்கள். அதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டால் யாரோ ஒருவருடைய வம்சாவளியை எழுதி முடித்துவிடுவீர்கள்.

முதல் வேலை கல்லை முழுதாக வாசிப்பது. மழைக்காலத்தில் பாசி ஏறியிருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போவது நல்லது. உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலையோ மாலையோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள். மரநிழலாக இருந்தால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பிச் சாய்வாக அடிக்கலாம். வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ், அவ்வளவுதான். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர், சாக்பீஸ் எதுவும் வேண்டாம். அடுத்து வருகிறவருக்கு எழுத்தே மிஞ்சாது. சில கற்களில் ஈயத்தைப் பதித்து எழுத்து அமைத்திருப்பார்கள். ஈயம் உதிர்ந்த இடத்தில், அதைப் பிடித்திருந்த சின்னச் சின்னத் துளைகள் மட்டும் நிற்கும். துளைகளின் அமைப்பை வெள்ளைத்தாளில் புள்ளி வைத்து இணைத்தால் எழுத்து திரும்பக் கிடைக்கும். இன்னொன்று, புதருக்குள் நுழையும் முன் சத்தம் கொடுங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடு படுத்திருக்கும்.

கல்லின் அடி வரிகள் மண்ணுக்குள் புதைந்திருக்கும். யார் அந்தக் கல்லை வைத்தார்கள் என்பது அங்கேதான் வரும். சக அதிகாரிகள் வைத்த கல் என்றால் குடும்பம் பெரும்பாலும் கடல் கடந்து இருந்திருக்கும். மனைவியோ மாமனாரோ வைத்தது என்றால் தேடல் இந்த மலையிலேயே தொடங்குகிறது. அதனால் இரண்டு பக்கத்துக் கல்லறைகளையும், குறிப்பாகச் சுற்றிலும் பதித்த ஒரே கரைக்கல்லுக்குள் அடங்கியவற்றையும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு குடும்பப் பெயராக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள், அது மனைவியின் பிறந்த வீடாக இருக்கலாம்.

அது கல்லறையா, வெறும் நினைவுக்கல்லா என்பதையும் அங்கேயே பாருங்கள். மெசபடோமியாவிலோ பிரான்ஸிலோ இறந்தவருக்கு இங்கே தேவாலயச் சுவரில் பலகை வைப்பதும், தந்தையின் கல்லறையிலேயே மகனின் பெயரைச் சேர்ப்பதும் வழக்கம். போரில் கொல்லப்பட்டார் என்று எழுதியிருந்தால் உடல் இங்கே இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். நோயால் இறந்தார் என்றிருந்தால் குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவ மருத்துவமனையை நினையுங்கள். வெயில் தாங்காத, காய்ச்சல் கண்ட படைவீரர்களைச் சமவெளியிலிருந்து ஏற்றி அனுப்பிய இடம் அது. அங்கே இறந்தவருக்கு நீலகிரியில் ஒரு உறவும் இல்லாமலிருக்கலாம். இதைப் பலர் ஏற்றுக்கொள்வதில்லை, எப்படியாவது ஒரு தேயிலை எஸ்டேட்டோடு முடிச்சுப் போடப் பார்ப்பார்கள். எஸ்டேட் தொடர்பு இருந்தவர்களும் உண்டுதான். போர் வந்ததும் தோட்டக்காரர்கள் பலர் இந்திய ராணுவ ரிசர்வ் அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். கல்லில் ஐ.ஏ.ஆர்.ஓ. என்ற சுருக்கம் இருந்தால் அந்தக் கோணம் சரியானது.

அடுத்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல். இது இலவசம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் நடந்த மரணங்கள்தான் அதில் இருக்கும். பெயரை விட்டுவிட்டு இறந்த தேதியையும் நாட்டையும் கொடுத்துத் தேடுங்கள். முதலெழுத்துகளில் பிழை இருந்தாலும் ஆள் அகப்படுவார். இங்கே ஒரு குழப்பம் வரும். அடக்கம் குன்னூரில், ஆனால் பதிவில் சென்னை என்று இருக்கும். இந்தியாவெங்கும் சிதறிக் கிடந்த, தொடர்ந்து பராமரிக்க முடியாத முதல் உலகப்போர்க் கல்லறைகளுக்காக நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறை வளாகத்தில் 1914-1918 நினைவுச் சின்னத்தில் பெயர்களைப் பொறித்தார்கள். பதிவில் வரும் முகப்பு எண் அந்தச் சின்னத்தில் பெயர் பொறித்த பக்கத்தின் எண், கல்லறை எண் அல்ல, உடல் மலையில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் என்றால் கதை வேறு. 1952-ல் அந்த வளாகம் அமைந்தபோது பல ஊர்களிலிருந்து உடல்களையே அங்கே மாற்றினார்கள். அப்படி மாற்றியவர்களின் பக்கத்தில் மாற்றிய விவரப் படிவம் ஸ்கேன் செய்து போட்டிருந்தால், முதலில் புதைத்த இடம் அதில் இருக்கும். தலைக்கல் வாசகப் பட்டியல் இருந்தால் இன்னும் நல்லது. கல்லில் ஒரு சின்ன வாசகம் வைக்கக் குடும்பத்தைக் கேட்டார்கள். வாசகம் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் அந்தப் பட்டியலில் உண்டு. நினைவுச் சின்னத்தில் மட்டும் பெயர் உள்ளவருக்கு இது கிடைக்காது.

அதனால் உங்கள் கேப்டனுக்கு முக்கிய ஆவணம் சர்ச் பதிவேடுதான். மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் இவற்றில் பெரும்பாலானவற்றின் நகல் லண்டனுக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் என்/2 வரிசையில் இருக்கிறது. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்தில் பக்கங்களையே பார்க்கலாம், கட்டணம் உண்டு. ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் அட்டவணை இலவசம். மூலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் சி.எஸ்.ஐ. ஆயரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுங்கள், தேதியைக் குறிப்பிட்டு. 'ஒரு வெள்ளைக்காரர், 1917' என்று போய் நின்றால் யாரும் பீரோவைத் திறக்க மாட்டார்கள். கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையிடம் போக வேண்டும், பழைய பதிவு லத்தீனில் இருக்கும். வெலிங்டன் ராணுவப் பகுதி, அனுமதி வாங்காமல் கேமராவோடு உள்ளே போகாதீர்கள்.

அடக்கப் பதிவில் வயது, பதவி, மரணக் காரணம், அடக்கம் செய்த குருவின் பெயர் இருக்கும். பெற்றோர் பெயர் இருக்காது. பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். திருமணப் பதிவுக்குப் போங்கள். மணமகன், மணமகள் இருவரின் தந்தை பெயரும், சாட்சிகளின் கையெழுத்தும் அதில் உண்டு. வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டு கணக்கிட்டு, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன், பெங்களூர் என்று வரிசையாகத் தேடுங்கள். பெங்களூரை விடாதீர்கள், படை அங்கேதான் பெரிது. பழைய பதிவுகளில் ஊட்டி ஊட்டகமண்ட் என்றும், வெலிங்டன் ஜக்கதல்லா என்றும் வரும், எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும்.

ராணுவப் பக்கம் இரண்டு வழி. இந்திய ராணுவ அதிகாரி என்றால் பணிக் கோப்பு அதே பிரிட்டிஷ் லைப்ரரியில் எல்/மில்/14 வரிசையில். பிரிட்டிஷ் ராணுவம் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 339, டெரிடோரியல் என்ற பகுதிநேரத் தொண்டர் படை என்றால் 374. 1940 குண்டுவீச்சில் நிறைய எரிந்துபோனது. மிஞ்சியது பெரும்பாலும் கடிதக் கோப்புகள். அதிலேயே விதவையின் பென்ஷன் மனு இருந்தால் குழந்தைகளின் பெயர் வரை கிடைத்துவிடும். எந்த ராணுவம் என்பதை ரெஜிமென்ட் எண் சொல்லும். 83 என்றால் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. 1903-க்கு முன் அதே படை 23. மெட்ராஸ் காலாட்படை எண்களோடு அந்த ஆண்டு 60 கூட்டினார்கள், 1922-ல் மறுபடி எல்லாம் மாறியது. தந்தையும் அதே படையில் இருந்திருந்தால் இந்தக் கணக்கு உதவும்.

யாருக்கு எந்தப் பதக்கம் என்று குறித்து வைத்த பதக்க அட்டையை மறக்காதீர்கள். முதல் உலகப்போர்ப் பதக்கத்தை அதிகாரிகள் தாங்களே விண்ணப்பித்து வாங்க வேண்டும். இறந்தவருக்காக மனைவியோ தாயோ விண்ணப்பிப்பார். அந்த முகவரி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தின் பிரதியில் முன்பக்கம் மட்டும்தான். ஆன்செஸ்ட்ரி தளத்தில் இரண்டு பக்கமும் உண்டு. கூடவே இங்கிலாந்தின் உயில் அட்டவணையில் இறந்த ஆண்டும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் பாருங்கள். நீலகிரியில் இறந்தார், சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு இன்னாருக்கு என்று சுருக்கமாக இருக்கும்.

உறவு என்று எழுதும் முன், குடும்பப் பெயர் அல்லாத ஏதாவது ஒன்று இரண்டு தனி ஆவணங்களில் ஒத்துப்போக வேண்டும்: முகவரி, தந்தையின் பெயர், இறந்த தேதி. பதவி ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம், தற்காலிக கேப்டன் ஒரு பதிவில் லெப்டினன்ட்டாகவே இருப்பார். தேதி ஒரு நாள் இரண்டு நாள் தள்ளியிருந்தால் ஒன்று இறந்த நாள், மற்றது அடக்க நாள். வயது ஐந்தாறு ஆண்டு விலகினால்தான் வேறு ஆள் என்று சந்தேகப்பட வேண்டும்.